உப்பு குடித்த பால்கனி

அக்தாவ் நகரில் பால்கனிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஆபத்தானதை அடைப்பதுதான் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு. நல்ல தளம் தட்டினால் கணீரென்று கேட்கும். ஐந்தாம் மாடியில் ஒராஸ்பாய் வீட்டுத் தளம் 'தொப்'பென்றது. எனக்கு அலுப்பாக வந்தது.

கிழவர் பழைய மீனவர். கால் விழுந்து நான்கு வருடமாகிறது. கட்டடத்தில் லிப்ட் கிடையாது. பால்கனி ஓரத்தில் நாற்காலி போட்டு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரியும் காஸ்பியன் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"என்ன மகளே, விழுறதுக்கு நாள் குறிச்சிட்டியா?"

"நீங்கதான் குறிச்சிருக்கீங்க பெரியவரே. மீனுக்கு எங்க உப்புப் போட்டீங்க?"

"இங்கதான். வருஷாவருஷம் ஒரு தொட்டி. மொத்தக் கட்டடமும் தின்னுச்சு. நீயும்தான் தின்னே."

தின்றேன்தான், சின்ன வயதில் இந்தக் கட்டடத்தில் குடியிருந்தபோது. இந்த ஊரில் பாதி வீடுகளில் இதே கதை. தொட்டியிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீர் முப்பது வருடமாகத் தளத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஓரத்தில் பெயர்ந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து, ஏடு ஏடாக உப்பி நின்றது.

"வெடிப்பு விட்டப்பல்லாம் சிமெண்ட் பூசினேனே?"

"பூசினது மேல, வினை உள்ள. இரும்பு துருவானா பல மடங்கு வீங்கும். அதுக்கு இடம் வேணும்ல? கான்கிரீட்டைப் பிளந்துக்கிட்டு வரும். நீங்க பூசிப் பூசி அதை மறைச்சிட்டீங்க."

"அப்ப வீட்டையும் சேத்துக் கருவாடு போட்டுட்டேன்னு சொல்லு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. நேர் கீழே நுழைவாசல். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம். வீட்டுக்குள் இருந்த அவர் மருமகளிடம் நாற்காலியோடு அவரை உள்ளே இழுக்கச் சொன்னேன். பால்கனியின் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்தேன்.

"எப்ப திரும்பக் கட்டித் தருவீங்க?"

எல்லா வீட்டிலும் அடுத்த வருஷம் என்பேன். நான் அடைத்ததில் ஒன்றுகூடத் திரும்ப எழும்பியதில்லை. இவருக்கு எண்பத்து மூன்று வயது. அந்தப் பொய்யை விட்டுவிட்டு ஆணிப் பெட்டியை அவர் நாற்காலி அருகே வைத்தேன். வெட்கமாக இருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "பலகையைக் கொஞ்சம் கீழ இறக்கு. கண்ணாடி வழியா கடல் தெரியட்டும்" என்றார்.

இறக்கினேன். "தெரியுதா?"

"தெரியுது. நீ ஆணியை அடி மகளே."

ஆணி எடுக்க அவர் நாற்காலிப் பக்கம் குனிந்தபோது நானும் பார்த்தேன். அங்கிருந்து எதிர்க் கட்டடத்தின் சுவர் மட்டும்தான் தெரிந்தது.