மூங்கில் குத்துக்கு அப்பால்

பாபநாசத்தில் சுமையாவும் பகலவனும் கூட்டாக நடத்திய ஸ்டூடியோவுக்கு அந்த வருஷம் ஒரு நெருக்கடி வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் போனில் ஒரே மாதிரி வீடியோவைக் காட்டி, "இது மாதிரி வேணும்" என்று கேட்டார்கள். அந்த வீடியோவில் கேமரா மண்டபத்து வாசலுக்குள் குருவி மாதிரி நுழையும். பந்தி நடக்கும் இடத்தில் இலைகளுக்கு மேலே சீறிக்கொண்டு போகும். மாடிப்படி ஏறி மணப்பெண் அறைக்குள் போய் அவள் முகத்துக்கு எதிரே நிற்கும். மேலே ஏறி நின்று படமெடுக்கிற வாடகை ட்ரோனால் அது ஆகிற காரியம் இல்லை. ஓட்டுகிறவர் கண்ணை முழுக்க மூடும் காகிள்ஸை மாட்டிக்கொண்டு, ட்ரோன் பார்ப்பதையே தானும் பார்த்தபடி ஓட்டுகிற வகை அது.

சுமையா ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு மாதக்கணக்கில் பழகியிருந்தாள். திரைக்குள் ஆயிரம் தடவை விழுந்து எழுந்து, இப்போது விழாமல் ஓட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். நிஜ ட்ரோன் வாங்க வேண்டியதுதான் பாக்கி. எதை வாங்குவது என்பதில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை.

"முதல்ல சின்னதுதான் வாங்கணும் பகலு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். இறக்கையைச் சுத்தி வளையம் இருக்கு, யார் மேல இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"அது கொசு மாதிரி இருக்கு. அதுல நல்ல கேமராவை எப்படி ஏத்துவே? நூர்ஜஹானம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு நான் சரின்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

பகலவன் கேமராவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். இருவரும் தஞ்சாவூரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் இப்படி முந்திரிக்கொட்டையாக எதையாவது செய்துவிட்டு வாயை மூடிக்கொள்வதும், அவள் அதைச் சரிக்கட்டுவதும் அந்தக் காலத்திலேயே பழகிப்போனது.

அந்த வாரம்தான் ஃபாஜிலின் விளம்பரம் கண்ணில் பட்டது. திருக்காட்டுப்பள்ளிப் பையன், இன்ஜினியரிங் முடித்தவன், தோஹாவில் வேலை கிடைத்துக் கிளம்புகிறான். பெரிய ட்ரோன், இரண்டு காகிள்ஸ், ரிமோட், சார்ஜர் எல்லாம் சேர்த்து விற்பதாகப் போட்டிருந்தான். "போட்ட காசை ஒரே கல்யாணத்துல எடுத்துடலாம்" என்றான் பகலவன். பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று சுமையா கிளம்பினாள்.

கார்த்திகை மாசத்து மழை ஒரு நாள் ஓய்ந்திருந்தது. ஃபாஜில் அவர்களை ஊருக்கு வெளியே ஒரு களத்துமேட்டுக்குக் கூட்டிப்போனான். ஒரு பக்கம் வாய்க்கால், அதை ஒட்டி ஈரம் சொட்டும் மூங்கில் குத்து, அதற்கு அப்பால் சம்பா வயல். களத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

சுமையா ட்ரோனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். நாலு இறக்கையும் விரலை விட நீளம், விளிம்பு கத்தி போல இருந்தது. சுற்றி வளையம் எதுவும் இல்லை.

முதலில் ஃபாஜில் ஓட்டினான். சுமையா இன்னொரு காகிள்ஸின் பட்டையைத் தலைத்துணிக்கு மேலேயே இழுத்து மாட்டிக்கொண்டு கூடவே பார்த்தாள். களம் காலடியில் நழுவியது. வாய்க்கால் நேராக ஓடி வந்து அவளுக்குள் புகுவது போல இருந்தது. ஒரு கொக்கு கீழே பறந்தது, அதன் முதுகைப் பார்த்தாள். தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

"இப்ப நீங்க ஓட்டுங்கக்கா. கையில பிடிச்சாத்தான் தெரியும்."

இறக்கிவிட்டு ரிமோட்டை நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் கையை நீட்டிவிட்டாள்.

"பகலு, நீ ட்ரோனை விட்டுக் கண்ணை எடுக்காதே. காகிள்ஸ் மாட்டினா எனக்குச் சுத்தி நடக்கிறது தெரியாது. யாராவது குறுக்கே வந்தா உடனே சொல்லு."

"சரி, சரி. நீ ஓட்டு."

சிமுலேட்டரில் கைக்குப் பழகியது வேறு, இது வேறு. விரலால் தொட்டால் போதும், பாய்ந்தது. களத்தை இரண்டு சுற்று சுற்றினாள். மூன்றாவது திருப்பத்தில் வேகம் கூடிவிட்டது. திரும்பும் முன்பே வாய்க்காலைத் தாண்டிவிட்டது. மூங்கில் குத்தைச் சுற்றி அப்பால் போனபோது, ட்ரோனின் மூக்கு கீழே சாய்ந்த நிலையில், எதிரே வயலுக்குள் வண்ண வண்ணமாக ஏதோ வரிசை. தலையில் துண்டு கட்டிக் குனிந்திருக்கும் பெண்கள். களை பறிக்கிறார்கள்.

அத்தோடு படம் போய்விட்டது. கண்ணெதிரே வெறும் வெள்ளைப் புள்ளிகள் இறைந்தன.

"ஈர மூங்கில் சிக்னலை மறைக்குது. பவரை ஏத்துங்கக்கா, மேல வந்ததும் படம் வந்துடும்!" பக்கத்தில் ஃபாஜில் கத்தினான். அவனும் காகிள்ஸுக்குள்தான் இருந்தான்.

மூக்கு கீழே சாய்ந்திருக்கும்போது பவரை ஏற்றினால் அது மேலே போகாது, முன்னால்தான் பாயும். முன்னால் அந்தப் பெண்கள்.

"பகலு, எங்க இருக்கு? எந்தப் பக்கம் போகுது?"

"ஆங்?"

அந்த 'ஆங்'கிலேயே அவன் பார்க்கவில்லை என்று தெரிந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தும் சுவிட்சில் சுமையாவின் விரல் கிடந்தது. நிறுத்தினால் கல்லாக விழும். எங்கே விழுமோ, யார் தலையிலோ. நிறுத்தாவிட்டால் கத்தியோடு போகும்.

"அணைச்சுடாதீங்க! உடைஞ்சுடும்!"

அணைத்தாள்.

தூரத்து இரைச்சல் சட்டென்று அறுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூங்கிலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது.

காகிள்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். பகலவன் கையில் போன் இருந்தது. அவள் ஓட்டுவதைப் படமெடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். வாய்க்காலில் இறங்கினாள், இடுப்பு வரை தண்ணீர். கரையேறும்போது கால் வழுக்கி முட்டி அடிபட்டது. யா அல்லா, யா அல்லா என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வயலுக்குள் ஒரு பெண் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். நடுவயசு. முகமெல்லாம் சேறு. மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"எங்க பட்டுச்சு? அம்மா, எங்க பட்டுச்சு?"

"படல" என்றாள் அந்தப் பெண். "மடைக் கல்லுல மோதி, இந்தா, இங்க வந்து விழுந்துச்சு." கை எட்டும் தூரத்தைக் காட்டினாள்.

ட்ரோன் அங்கே பாதி புதைந்து கிடந்தது. அதன் முதுகில் கட்டியிருந்த பேட்டரி பிளந்து, உப்பிக்கொண்டிருந்தது. ஒருத்தி அதை எடுக்கக் குனிந்தாள்.

"தொடாதீங்க! தீப்பிடிக்கும், எல்லாரும் தள்ளிப் போங்க!"

வரப்பில் மடை திறக்க வைத்திருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, சேற்றோடு ட்ரோனை அள்ளித் தூக்கிப்போய் வெற்று வரப்பில் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் புகை குபுகுபுவென்று கிளம்பி, நீளமாக ஒரு தீ நாக்கு சீறியது. மூச்சை அடைக்கும் நாற்றம். பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு விலகினார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் அமிர்தம். எழுந்து நின்று முகத்தைத் துடைத்தவள், எரிவதைப் பார்த்தாள், பிறகு சுமையாவைப் பார்த்தாள்.

"மேல பட்டிருந்தா நான் செத்திருப்பேனா?"

"மோட்டார் நின்னுடுச்சுங்க, அப்படியெல்லாம் ஆகாது" என்று பகலவனோடு பின்னால் வந்து சேர்ந்த ஃபாஜில் அவசரமாகச் சொன்னான்.

"தலையில விழுந்திருந்தா ஆகியிருக்கலாம்மா. நான்தான் ஓட்டினேன்" என்றாள் சுமையா.

தீ அடங்கியதும் அமிர்தம் வரப்புக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். இரண்டு இறக்கைகள் முழுசாக இருந்தன. மற்ற இரண்டும் முறிந்து, குத்தூசி மாதிரி முனையோடு நின்றன.

"இதுல மீதி எங்க?"

மூவரும் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாங்க வெறுங்காலோட சேத்துல நிக்கிறோம். ஒரு துண்டு விடாம எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. அது வரைக்கும் இந்த வயல்ல ஒருத்தியும் இறங்க மாட்டா."

பெண்கள் வரப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சுமையாவும் பகலவனும் ஃபாஜிலும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். பயிரைச் சாய்க்கக் கூடாது, கலங்கிய தண்ணீரில் எதுவும் தெரியாது, விரலால் துழாவித்தான் தேட வேண்டும். ஃபாஜில் இரண்டு தடவை மணி பார்த்தான். "பாத்துத் தேடுடா தம்பி" என்று வரப்பிலிருந்து ஒருத்தி அதட்டியதும் நிறுத்திக்கொண்டான். துண்டுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அமிர்தம் அவற்றை உள்ளங்கையில் வாங்கி, முறிந்த இடத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒரு முனை இருக்கு" என்றாள்.

அது சுமையாவின் குதிகாலில்தான் ஏறியது. அலறவில்லை. அப்படியே குனிந்து, சேற்றுக்குள் கையை விட்டு உருவி எடுத்தாள். ரத்தம் தண்ணீரில் கரைந்தது. அமிர்தம் துண்டை வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு, மற்றவர்களை இறங்கச் சொல்லிக் கைகாட்டினாள்.

"கால்ல மஞ்சள் வச்சுக் கட்டும்மா" என்றவள், குரல் மாறாமலே, "இன்னொரு தடவ இந்தப் பக்கம் இத எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா நானே வாய்க்கால்ல போட்டு மிதிப்பேன்" என்றாள்.

ஃபாஜில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததும் பகலவன்தான் பேச்சை ஆரம்பித்தான். "ட்ரோன் ஃப்ரேமுக்கு ஒண்ணும் ஆகல. இறக்கையும் பேட்டரியும் மாத்தினா ஓடும். கல்யாணத்துக்கு நாள் இருக்கு, பழகிக்கலாம்ல?"

"இந்த ட்ரோன் எனக்கு வேண்டாம் பகலு. உடைஞ்சதுக்கு நான் பொறுப்பு, அதுக்கான பணத்தை ஃபாஜிலுக்குக் குடுத்துடுறேன். ரிமோட்டும் ஒரு காகிள்ஸும் எடுத்துக்கிறேன். அது ரெண்டும் சின்ன ட்ரோனுக்கும் ஆகும், பெரிசுக்கும் ஆகும். பறக்கிறது மட்டும் சின்னதுல இருந்துதான்."

"நூர்ஜஹானம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அங்கேயே நின்று போன் போட்டாள். ட்ரோன் படம் இந்தக் கல்யாணத்துக்கு எடுக்க முடியாது, எனக்கு இன்னும் வராது என்றாள். "அப்ப நாங்க வேற ஆளைப் பார்த்துக்கிறோம்மா" என்று சொல்லி நூர்ஜஹான் வைத்துவிட்டார்கள். அந்தக் கல்யாணம் கை நழுவியது. அந்தச் சேதி கேட்டு இன்னொரு கல்யாணமும் நழுவியது.

பகலவன் பைக்கை எடுக்காமல் நின்றான். "நான் பார்க்கல சுமையா. போன்ல எடுத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"தெரியும். உன்னை நிக்க வச்சுட்டு எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன் பாரு, அது என் தப்பு. ஓட்டறதுக்கு முன்னாடி மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கணும்."

உள்ளங்கை அளவு ட்ரோன் அடுத்த வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக்கிடக்கும் ஒரு ரைஸ்மில் கிடங்கில் கேட்டு அனுமதி வாங்கி ஓட்டினாள். சுவரில் இடித்தது, சாக்கு அடுக்கில் செருகிக்கொண்டது, ஒரு தடவை பகலவனின் நெற்றியிலேயே மோதியது. அவன் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, எடுத்துக் கொடுத்தான்.

பங்குனியில் பாபநாசத்திலேயே ஒரு நிச்சயதார்த்தத்துக்கு முதல்முறையாக எடுத்துப்போனாள். ஆட்கள் வருவதற்கு முன் வெறும் மண்டபத்தில் சுற்றவிட்டாள். பூ அலங்காரத்தின் வளைவுக்குள் நுழைந்து மேடை வரை ஒரே ஓட்டமாகப் போனது. வாசலில் முதல் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், படம் இன்னும் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேடையில் இறக்கி மோட்டாரை நிறுத்தினாள். பெண்வீட்டுக்காரர் வந்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு இவ்வளவுதாங்க" என்றாள் சுமையா.