தசரதனுக்கு வந்த கலப்பு வகை

என் நுரையீரலில் இருப்பது ஒரே வகைப் புற்று. என் பங்காளி தசரதனுக்கோ கலப்பு வகை, இரண்டு விதமும் சேர்ந்தது. வியாதியில்கூட அவனுக்குத்தான் கூடுதல் பங்கு.

சிரிக்காதீர்கள். ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசித்தால் அந்தக் கலப்பு வகை அடங்குமா என்று ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவனுக்கு மட்டும் வேங்கிக்காலில் இருக்கும் அவன் வீட்டிலேயே மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். தினமும் மூன்று மணி நேரம் மூக்கில் குழாய். அடுத்த வீட்டிலிருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வயிறு எரிந்தது. பங்காளிக் காய்ச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்!

கீழ்பென்னாத்தூர் நிலத்தில் எங்களுக்குப் பொதுக்கிணறு. ஒருநாள் அவன் மோட்டார் போடுவான், மறுநாள் நான். அதே முறையை அவன் மெஷினுக்கும் வைத்தான்.

"மூணு மணி நேரம் ஓடிட்டாப் போதும். யார் மூக்குன்னு அதுக்கு என்னா தெரியும்? நாளைக்கு உன் மொறைண்ணே" என்றான்.

கூச்சமில்லாமல் போனேன். இரண்டு மாதம் மாறி மாறி இழுத்தோம்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். அவன் கட்டி சுருங்கியிருந்தது, என்னுடையது வளர்ந்திருந்தது. ஹைட்ரஜனாலா, கூடவே போட்டுவந்த ஊசி மருந்தாலா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பாதி மெஷினிலேயே அவனுக்கு இப்படியா! அன்று மாலை கோயிலுக்குப் போய் இரண்டு பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்து, விபூதியை என் நெற்றியில் அவனே பூசினான். தாங்க முடியவில்லை.

ஆராய்ச்சி நர்ஸ் கவிநிலாவுக்குப் போன் போட்டேன். "தசரதன் மெஷின வேற ஆளுக்கும் குடுக்குறாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெயர் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

மறுநாளே வேனோடு வந்துவிட்டாள். தசரதன் மறைக்கவில்லை. யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. அவனை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டு மெஷினை ஏற்றிக்கொண்டு போனாள்.

வேன் போனதும் நேராக என்னிடம் வந்தான்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்ணே. எனக்காவது கொஞ்சம் சுருங்கிச்சு. உனக்குச் சுருங்கறதுக்குள்ள புடுங்கிட்டுப் போயிட்டாங்களே!"

என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.