மூவரில் ஒருத்தி

...தெரிந்தே மௌனம் காத்தார் என்று எழுதாமல், சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாமோ, இல்லை, அப்படி நிறுத்தினால் விற்பனை ரத்தாகாது, வெறுமனே சொல்லாமல் விட்டது போதாது, தெரிந்து, வேண்டுமென்றே மறைத்திருக்க வேண்டும், சட்டம் அதைத்தான் கேட்கிறது, அமர்வின் மற்ற இரு நீதிபதிகளும் அதைத்தான் கேட்டார்கள், அதனால் ஆர்மெல் அதைத்தான் எழுதினாள். கலெத் என்கிற கருமாவு தோசை விற்கும் கடையின் வரிசை ஓர் அடி நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். இரும்புக் கல்லில் கருப்பு மாவு விரிந்து ஓரம் சுருங்கும் வாசனை, பக்கத்தில் மீன்கடைக்காரனின் ஐஸ் தண்ணீர் கற்களின் இடுக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிரிட்டனி நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையின் இரைச்சல்... தீர்ப்பு வியாழக்கிழமை வெளியாகிவிட்டது. வெளியாகிவிட்டது என்றால் யாரும் யாருக்கும் படித்துக் காட்டவில்லை, இங்கே அந்த வழக்கம் போய் வெகுகாலம், அலுவலகத்தில் வைத்துவிடுவார்கள், வக்கீலுக்குக் கணினியில் போய்ச் சேரும், வக்கீல் தன் கட்சிக்காரருக்குச் சொல்லுவார், தோற்றவரின் முகம் எப்படி மாறியது என்பது எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருட உத்தியோகத்தில் அப்படி ஒரு முகத்தையும் அவள் பார்த்ததில்லை. அதை நிம்மதி என்றுதான் நினைத்திருந்தாள்.

வழக்கு ஒன்றும் பெரிதல்ல. மாரிவோன் ட்ரோஅதெக் என்ற விதவை, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிராமத்தில் இருந்த தன் கல்வீட்டை வாசேர் என்ற தம்பதிக்கு விற்றார், அந்தப் பணத்தில் இந்த நகரத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஃபிளாட் வாங்கிக்கொண்டு குடிவந்தார். வாசேர் தம்பதி வீட்டுக்கு வந்து ஓராண்டு முடிவதற்குள் வேலிக்கு அப்பால் பன்றிப் பண்ணை எழும்பிவிட்டது, மேல்காற்று அடித்தால் தோட்டத்தில் உட்கார முடியவில்லை, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பண்ணைக்காரன் லொயிக் வேறு யாருமல்ல, மாரிவோனின் சித்தப்பா மகன். அந்த அம்மாளுக்கு முன்கூட்டியே தெரியாமல் இருக்குமா? தெரியும், அதை அவரே மறுக்கவில்லை. சொன்னேன் என்கிறார், வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கு அடுக்களையில் காபி குடிக்கும்போதே சொன்னேன். சொல்லவே இல்லை என்கிறார்கள் அவர்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் என்றால் வாங்குகிறவன்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், விற்கிறவன் பொய் சொல்லாத வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இங்கே அப்படி மூடிக்கொண்டிருப்பதே பொய். அதில் ஆர்மெலுக்கு எப்போதும் கொஞ்சம் பெருமை உண்டு, நம் சட்டம் மனிதனின் மனச்சாட்சியையும் தட்டிப் பார்க்கிறதே என்று. இப்போது விற்பனை ரத்து. வீடு மாரிவோனுக்குத் திரும்பி வரும், வாங்கிய பணத்தை அவர் திருப்பித் தர வேண்டும், பணம் ஃபிளாட்டாக நிற்கிறது, ஆகவே ஃபிளாட் போகும், மகளின் தெருவை விட்டுப் பன்றிப் பண்ணைக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்... இதெல்லாம் தீர்ப்பில் இல்லை. தீர்ப்பில் இருக்க வேண்டியதும் இல்லை.

விசாரணை நாளன்று அந்த அம்மாள் பின்வரிசையில் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று கையை விரித்தபோது, "சொன்னேனே" என்றார். கத்தவில்லை, யாரும் நம்ப வேண்டும் என்றும் சொன்னதாகத் தோன்றவில்லை, அடுப்பை அணைத்தாயா என்று கேட்டால் சொல்வதுபோல ஒரு குரல். அமர்வின் தலைவர் குர்கூ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அமைதியா இருங்க மேடம், உங்களுக்காக உங்க வக்கீல் பேசுவார்" என்றார். வக்கீல் சிறிது பேசினார், கோப்பைக் கொடுத்தார், போய்விட்டார். அந்த ஒரு 'சொன்னேனே'யை எந்தக் கோப்பில் வைத்துக் கட்டுவது? கதவை மூடிக்கொண்டு மூவரும் உட்கார்ந்தபோது ஆர்மெல்தான் ஆரம்பித்தாள், "அந்தம்மாவ ஒரு தடவ நேர்ல கூப்பிட்டுக் கேட்டுடலாமே. சட்டத்துல இடம் இருக்கு." குர்கூ கெட்ட மனிதரல்ல, வாலிபத்தில் ஜெர்மனியில் படித்தவர், அலமாரியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை இருப்பதுபோலச் சட்டத்திலும் உண்டு என்று நம்புகிறவர், சிரித்துக்கொண்டே சொன்னார், "இடம் இருக்கு ஆர்மெல், பழக்கம்தான் இல்ல. வந்து என்ன சொல்லுவாங்க? சொன்னேம்பாங்க. அந்தப் பக்கம் சொல்லலம்பாங்க. அப்புறம் நாம என்ன, மூஞ்சியப் பாத்து ஜோசியமா சொல்றது?" இளையவள் பெரின் பேனாவை மூடியபடியே, "தகவல் குடுத்தேன்னு காட்ட வேண்டியது விக்கிறவங்க பொறுப்பு. காட்டல. எனக்கும் தலைவர் சொல்றதுதான் சரின்னு படுது" என்றாள். இரண்டுக்கு ஒன்று, முடிந்தது. "எழுதறது உங்க முறை. சங்கடமா இருந்தா சொல்லுங்க, நான் எழுதிடறேன்" என்று குர்கூ மரியாதையாகத்தான் கேட்டார், வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றவள் அவள்தான். ஏன் அப்படிச் சொன்னாள்... தானே எழுதினால் அந்த அம்மாளைக் கொஞ்சம் மெதுவாக அடிக்கலாம் என்றா? மெதுவாக அடிக்க வரவில்லை. எழுத எழுத வாக்கியங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன, ஓட்டை இல்லாமல், காற்றுப் புகாமல், அவள் எழுதியதிலேயே நல்ல தீர்ப்பு என்றுகூடச் சொல்லலாம். "நீதிமன்றம் கருதுகிறது". யார் அந்த நீதிமன்றம்? அதற்குக் காது உண்டா, அது காபி குடிக்குமா?

யார் அந்த நீதிமன்றம் என்பது ரோசலின்ட் ஒரு தடவை கேட்ட கேள்வி. சில வருடங்களுக்கு முன்பு நீதிபதிகள் பரிமாற்றம் என்று இங்கிலாந்தில், யார்க்ஷயரில் ஒரு சின்ன ஊருக்கு ஆர்மெலை அனுப்பினார்கள், அங்கே ரோசலின்ட் என்ற நீதிபதிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். குழாய் வேலை செய்கிற ஒருவர், அவருடைய மைத்துனர், ஏதோ ஒரு லாரி விற்ற தகராறு, ரோசலின்ட் நாள் முழுக்க அந்த இருவரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள், பகல் உணவுக்கு ஒரு சாண்ட்விச், திரும்பவும் கேட்டாள், சாயங்காலம் எந்தத் தாளையும் பார்க்காமல் தோற்றவரின் முகத்தைப் பார்த்து, நான் உங்களை நம்பவில்லை, ஏன் என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். நான்! ஆர்மெல் தலையைக் குனிந்துகொண்டாள், நடுத்தெருவில் ஒருத்தி சட்டையைக் கழற்றுவதைப் பார்ப்பதுபோல. தோற்ற மனிதர் எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரவுச் சாப்பாட்டின்போது ரோசலின்ட், "எனக்கு மேல அப்பீல்ல மூணு பேர் உக்காருவாங்க, ஒருத்தருக்கு ஒப்பலன்னா தனியா எழுதி வெளியில விடுவாங்க. தோத்தவன் அதையாவது வீட்டுக்குக் கொண்டு போவான். உங்க ஊர்ல ஒத்துக்காதவங்க என்னதான் பண்ணுவாங்க?" என்றாள். ஒண்ணும் பண்ண மாட்டோம், வாயத் தொறந்தா உத்தியோகம் போயிடும், என்றாள் ஆர்மெல். "பாவம்டி நீ" என்று ரோசலின்ட் சிரித்தாள், அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

பாவமா? அப்படி ஒரு சொல்லில் அடக்கிவிட முடியுமா... ஒரு காலத்தில் இந்த நாட்டு நீதிபதிகள் நாற்காலியை விலை கொடுத்து வாங்கினார்கள், மகனுக்கு விட்டுப் போனார்கள், குட்டி ராஜாக்கள், எது நியாயம் என்று அவர்கள் மனசுக்குப் பட்டதோ அதுதான் நியாயம், நீதிபதிகளின் தயவிலிருந்து கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஜனங்கள் கும்பிட்டார்கள். புரட்சி வந்தது, அந்த நாற்காலிகளையெல்லாம் உடைத்தது, இனிமேல் நீ சட்டத்தின் வாய் மட்டும்தான், உனக்கென்று தனியாக ஒரு வாய் கிடையாது என்றது. அந்தப் பயம் இன்னும் கறுப்பு அங்கியின் மடிப்பில் இருக்கிறது, துவைத்தாலும் போகவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பயம் வரவில்லை, அங்கே ராஜாவின் ஆட்கள் குதிரையேறி ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார்கள், போன ஊரில் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த ஊரில் சொன்னார்கள், சட்டம் பாசி மாதிரி தானே படர்ந்தது. குர்கூவின் ஜெர்மனியில் முன்பெல்லாம் நீதிபதிகள் சிக்கலான வழக்கின் காகிதக் கட்டைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிடுவார்களாம், எந்தக் கட்சிக்காரன் முகத்தையும் பாராத பேராசிரியர்கள் பழைய ரோமானியச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பதில் எழுதி அனுப்புவார்களாம். ஒவ்வோர் ஊரும் எதற்குப் பயந்ததோ அதற்கேற்ற நீதிபதியைச் செய்துகொண்டது, வேறென்ன... பெயர் போட்டு எழுதுகிற நீதிபதிக்குக் கைதட்டல் ஆசை வரலாம், பெயரில்லாதவளுக்கு அது வராது. மூவரும் ஒரு குரலாகச் சொன்னால்தான் தோற்றவன் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க மாட்டான். இதையெல்லாம் ஆர்மெல் மாணவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறாள், மனசார நம்பித்தான் எடுத்தாள்.

"நீங்க ஜட்ஜம்மாதானே?"

திரும்பினாள். முதலில் தெரிந்தது மழைக்கோட்டு, பிறகு லீக் கீரை நீட்டிக்கொண்டிருக்கும் கூடை, பிறகுதான் முகம், தோற்றவரின் முகம், எந்த வழக்கிலும் அவள் பார்த்தே இராத அந்த முகம். விலகிப் போய்விடலாமா, வரிசையில் முன்னால் நான்கு பேர், பின்னால் ஒரு தள்ளுவண்டிக் குழந்தை. "இடது பக்கம் உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தீங்களே, ஞாபகம் இருக்கு. பயப்படாதீங்க மேடம், சண்டைக்கு வரல" என்றார் மாரிவோன். பயப்படவில்லை என்று சொல்ல வாயெடுத்து, அது பொய் என்று பட்டதால் வணக்கம் மட்டும் சொன்னாள். "எம் மக படிச்சுக் காட்டினா. தெரிஞ்சே மௌனம் காத்தார்னு போட்டிருக்கு. யாரோ நல்லா எழுதியிருக்காங்கம்மா, ஒரு எடத்துலயும் அசைக்க முடியலன்னா. அவ பேங்க்ல வேல பாக்கறா, அவளுக்குத் தெரியும்." ஆர்மெலின் காது சுட்டது. கல்லில் யாருக்கோ முட்டை உடைத்தார்கள். "வீடு கெடக்கு. போய் இருந்துக்குவேன், நாத்தம் எனக்கென்ன புதுசா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மூணு பேர் இருந்தீங்க. அதுல ஒருத்தராவது, இந்தப் பொம்பள சொல்லியிருப்பான்னு நெனச்சாங்களா?"

நான். ஒரு சொல் போதும், தலையைக்கூட ஆட்ட வேண்டாம், கண்ணை மூடித் திறந்தால் இந்த அம்மாளுக்குப் புரிந்துவிடும், கூடையை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போவார். வழக்கை முடிவுசெய்த நாளிலிருந்து மூன்று வாரமாக அந்தச் சொல்லை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு திரிகிறாள், கணவனிடம்கூடச் சொல்லவில்லை. "அதச் சொல்லக்கூடாதும்மா. நீதிமன்றம் என்ன கருதுச்சோ..." "நீதிமன்றத்த நான் கேக்கல. உங்களக் கேக்கறேன்." கோபமே இல்லை குரலில். அப்போது ஆர்மெல் கேட்கக் கூடாததைக் கேட்டாள், வழக்கு முடிந்துவிட்டது, இனிக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் கேட்டாள். "அடுக்களைல என்ன சொன்னீங்க? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

மாரிவோன் கூடையைக் கீழே வைத்தார். இரண்டு கையும் காலியானால்தான் ஞாபகம் வரும்போல. "அப்படியேன்னா... காபி ஊத்திக்கிட்டே ஜன்னல் வழியா அந்த வயலக் காட்டினேன். இது எங்க லொயிக்கோட நெலம், அவன் சும்மா இருக்கற ஆளில்ல, பெருசா ஏதோ பண்ணப் போறான்னேன். அந்தம்மா, எவ்ளோ அழகான வயலுன்னாங்க. ஆமா, இப்ப அழகாத்தான் இருக்குன்னேன்." நிறுத்திவிட்டு ஆர்மெலைப் பார்த்தார், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவர் பார்க்கிற பார்வை. ஆர்மெல் காத்திருந்தாள். இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

"பன்றின்னு சொன்னீங்களா?"

"நம்ம ஊர்ல பெருசா ஏதோன்னா வேற என்ன மேடம்? பன்றிதானே." விளையாட்டில்லை, உண்மையாகவே கேட்டார். பின்னால் தள்ளுவண்டிக்காரி, "வரிசை நகருதுங்க" என்றாள், இருவரும் நகர்ந்தார்கள், கூடையை ஆர்மெல்தான் எடுத்தாள்.

சொல்லியிருக்கிறார். சொல்லவில்லை. இப்ப அழகாத்தான் இருக்கு... அந்த 'இப்ப'வில் எல்லாம் இருக்கிறது, பிரிட்டனியில் பிறந்த எவளுக்கும் விளங்கும், ஆர்மெலுக்கே விளங்குகிறது, பெருநகரத்திலிருந்து வந்த வாசேர் அம்மாளுக்கு எப்படி விளங்கும்? விளங்காது என்று மாரிவோனுக்குத் தெரியாதா? தெரிந்தும், சொன்னேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வதற்காகச் சொன்ன சொல்லா, இல்லை, வெள்ளந்தியாக, அடுப்பை அணைத்தேன் என்பதுபோலச் சொன்னதா? முகத்தைப் பார்த்தாள், இவ்வளவு பக்கத்தில், வெளிச்சத்தில், கன்னத்தில் காற்று அறைந்த சிவப்பு, மூக்கு நுனியில் ஒரு துளி. ஒன்றும் தெரியவில்லை. மூடிய அறையில் தன்னிடம் இருந்ததாக நினைத்த அந்த வோட்டைத் தேடினாள். பத்திரமாகத்தானே வைத்திருந்தாள்... ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கலாம் என்றுதான் அன்று சொன்னாள், நம்புகிறேன் என்று எப்போது சொன்னாள்? சொன்னதே இல்லை. கேட்டாயிற்று, இதோ, ரோசலின்டைப்போல, முழுக்கக் கேட்டாயிற்று. சாயங்காலம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள், முகத்தைப் பார்த்து ஆரம்பி, நான்... நான் என்ன?

மாரிவோன் கூடையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, "பரவால்ல மேடம், சட்டம் விடாது, எனக்குத் தெரியும்" என்றார், இரக்கத்தோடு. "கேட்டீங்களே, அதுவே போதும். இது வரைக்கும் யாருமே கேக்கல." லீக் கீரையின் வெள்ளைத் தண்டுகள் கூட்டத்துக்குள் ஆடி ஆடிப் போயின.

கடைக்காரர் "உங்களுக்கு என்னம்மா?" என்றார். சாசேஜ் சுருட்டிய கலெத் ஒன்று என்று சொல்ல வேண்டும், அதைத்தானே வாராவாரம் சொல்கிறாள். சட்டம் என் வாயைக் கட்டியிருக்கிறது என்று அந்த அம்மாள் நம்பிக்கொண்டு போகிறார், என்னைப் பார்த்து இரக்கப்பட்டுக்கொண்டு போகிறார், ஓடிப்போய், அப்படி இல்லை, இப்போது என் வாயைக் கட்டியது சட்டம் இல்லை என்று சொல்லலாம், அதைச் சொல்ல எந்த விதியும் தடையில்லை... அதற்கப்புறம் அவர் கேட்பார், அப்ப என்னதான் நெனச்சீங்க என்று. "அம்மா?" என்றார் கடைக்காரர் மறுபடியும்.