இரவல் அயிரைகள்

1

இக்கதையை நான் கற்பனை செய்யவில்லை. ஜெர்மனியின் ப்ரேமன் நகரில் எங்கள் மீன்வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில், உருளைக்கிழங்கு சாலட் பரிமாறப்பட்ட வேளையில், அருகிலிருந்தவர் சொல்லக் கேட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், மீன்களை மாற்றவில்லை.

முதல் தொடக்கம்: "சனிக்கிழமை காலை அழைப்புமணி ஒலித்தபோது இங்ரூனின் உள்ளம்…" (உள்ளத்தை நான் பார்க்கவில்லை. நீக்கிவிட்டேன்.)

2

செய்தியிலிருந்து தொடங்குவதே முறை. தொட்டியில் நத்தை பெருகினால், சங்கத்துக்குச் சொந்தமான அயிரைக் கூட்டத்தை இரவல் பெறலாம். அவை நத்தைகளை ஓட்டிலிருந்து உறிஞ்சித் தின்று தீர்த்ததும், அடுத்த வீட்டிற்கு அனுப்பிவிட வேண்டும். (அயிரை என்றதும் குழம்பை நினைக்கும் வாசகர் இவ்விடத்தில் விடைபெறலாம்.)

இங்ரூன் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவருடைய தொட்டியில் ஒரு நத்தைகூட மிஞ்சவில்லை. அதே வாரம், அதே தொட்டியில் அவர் வளர்த்த சிக்லிட் என்னும் மீனின் பெட்டை கல்லின்மேல் முட்டையிட்டது. முன்பு இட்டவை யாவும் வெளுத்துப் பூசணம் பிடித்தவை. இவையோ தேன்நிறத்தில் தெளிந்திருந்தன. பெட்டைக்கு வயதாகிவிட்டது. இன்னொரு முறை இடும் என்று நம்புவதற்கில்லை.

நத்தை தீர்ந்து பசித்திருக்கும் அயிரைகள், விளக்கணைந்ததும் முட்டைகளைத் தின்னும். அவற்றைப் பிடித்து அகற்றலாமெனில், பாறைகளைப் புரட்ட வேண்டும். மிரண்ட சிக்லிட் தன் முட்டைகளைத் தானே விழுங்கிவிடும்.

3

இரவல் வரிசையில் அடுத்தவரான வோல்க்மார், வாளியும் வலையுமாக வந்து நின்றார். (அவரைச் சிரித்த முகத்தினராக எழுதியிருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. சிரிப்பை அடித்துவிட்டேன்.)

"வாளியக் கீழ வைய்யா. வலைய உள்ள விட்ட, கைய ஒடிச்சுருவேன்" என்றார் இங்ரூன்.

"இன்னைக்கு என் முறை, டாக்டரம்மா. எங்க வீட்ல நத்தை கண்ணாடியவே மூடிருச்சு. உள்ள மீனு இருக்கா இல்லியான்னே தெரியல."

"அந்த நத்தைய அள்ளிட்டு வா. இதுங்க வயிறு நிறையட்டும்."

"நத்தைய ஒண்ணு விடாம ஒழிக்கணும்னு சங்கத்துல மேசையத் தட்டுனது யாரு? இப்ப நத்தைப் பிச்சை கேக்குறது யாரு?"

"நான்தான் தட்டுனேன், நான்தான் கேக்குறேன். போய்க் கொண்டா."

"நத்தையும் முட்டையத் தின்னும், தெரியும்ல?"

"மெதுவாத் தின்னும். அயிரை மெதுவாவா தின்னும்?"

வோல்க்மார் வலையை வாளிக்குள் போட்டார்.

"சரி, அந்தக் கிழவிக்காகப் போறேன்."

"எந்தக் கிழவி?"

"மீனச் சொன்னேம்மா."

4

முடிவு, முதல் வடிவம்: நத்தைகள் வந்து சேர்கின்றன. அயிரைகள் உண்டு ஓய்கின்றன. குஞ்சுகள் நீந்துகின்றன. (நேர்த்தியாக அமைந்துவிட்டது; ஆதலால் ஐயுற்றேன்.)

இரண்டாம் வடிவம்: நத்தைகளை உண்ட அயிரைகள், விருந்தினர் இனிப்புக்கென வயிற்றில் இடம் ஒதுக்குவதுபோல… (இத்தொடரை முடிக்க எனக்கு மனமில்லை.)

நடந்ததைச் சொல்ல அருகிலிருந்தவர் வாயெடுத்தார். கேளாமல் எழுந்துவிட்டேன், அதற்காக வருந்தவும் இல்லை.

ஆகவே தொட்டி உங்கள் முன் இருக்கிறது. பெட்டை துடுப்பால் முட்டைகளை விசிறிக்கொண்டிருக்கிறது. அயிரைகள் தம் வழக்கப்படி பாறையடியில் ஒருக்களித்துக் கிடக்கின்றன. வோல்க்மார் இன்னும் திரும்பவில்லை. உங்களுக்கு உகந்தபடி முடித்துக்கொள்ளுங்கள்.

எப்படி முடித்தாலும், கண்ணாடியைத் தட்டாதீர்கள்.