அம்மா மேலேதான் இருக்காங்க

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் கர்சீப் டீச்சருக்கு ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. கேட்டுக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த நாற்பது அடி தூரத்தை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது நடப்பார். வீட்டில் தூங்கும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது என்று கணவர் புகார் சொல்வார்.

சம்பளப் பட்டியலில் அவர் 'துணை ஆசிரியை'. செய்கிற வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. காலை எட்டரை மணிக்கு, அம்மாவின் கழுத்தையோ அப்பாவின் பேண்ட்டையோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அலறும் ஐந்து வயதுக் குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே கொண்டுபோக வேண்டும். இடுப்பில் எந்நேரமும் நாலைந்து கைக்குட்டைகள் செருகியிருக்கும். அதில் ஒன்றிரண்டு பெற்றவர்களுக்கு.

"திரும்பிப் பாக்காம போங்கம்மா. தெருமுனை தாண்டின பிறகு எவ்வளவு வேணும்னாலும் அழுதுக்கலாம்" என்று அவர்களையும் விரட்டுவார்.

பதினாறு வருஷ அனுபவத்தில் அவரிடம் ஒரு கைகண்ட மருந்து இருந்தது. அழுகை எல்லை மீறினால் குழந்தையின் காதருகே குனிந்து, "அம்மா எங்கயும் போகல. மேலேதான் இருக்காங்க, ஆபீஸ்ல" என்பார். கட்டைவிரலால் மாடியைக் காட்டுவார். பத்து நிமிஷம் கிடைக்கும். அதற்குள் களிமண்ணோ கலர் பென்சிலோ கைக்கு வந்துவிடும், மாடி மறந்துவிடும். இதை ஒரு பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த வருஷம் மிளகு வந்தாள். வீட்டில் வைத்த பெயர் அது. ஆள் அத்தனை சின்னது, பேச்சு அத்தனை காரம். அவளுடைய அம்மா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட்டு. காலையில் கொண்டுவந்து விடுவது அம்மாதான்.

முதல் நான்கு நாளும் மிளகு அழுதாள். அழுகை என்றால் சும்மா இல்லை, கணக்குக் கேட்கிற அழுகை. "எத்தனை மணிக்கு வருவாங்க? எந்த வழியா வருவாங்க? வரலேன்னா யார் பொறுப்பு?"

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று மாடி வகுப்புகளுக்குப் புதுப் பெஞ்சுகள் வந்திருந்தன. இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியபடி இருந்தார்கள். எப்போதும் சாத்தியிருக்கும் மாடிப்படி இரும்புக் கதவு விரியத் திறந்து கிடந்தது. கேட்டில் ஒரு பையன் வேனுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தான். டீச்சருக்கு நாலு கை இருந்தாலும் போதாத காலை அது. மிளகு வேறு அரைமணி நேரமாக நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு கண்ணு. அம்மா மேலேதான் இருக்காங்க, ஆபீஸ்ல."

மிளகு சட்டென்று நிறுத்தினாள். "ஆபீஸ்ல எங்க?"

"நாற்காலியில."

"எந்த நாற்காலி?"

"நீல நாற்காலி. சமத்தா இருந்தா சாயங்காலம் கூட்டிட்டுப் போவாங்க."

மிளகு கைக்குட்டையை வாங்கித் தானே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா என்று டீச்சர் வேனை நோக்கி ஓடினார்.

பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க விடும்போது ஒன்றாம் வகுப்பு டீச்சர் தலைகளை எண்ணினார். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். முப்பத்திரண்டு இருக்க வேண்டும்.

"மிளகு உங்ககூட இருக்காளா?" என்று அவர் வாசலுக்கு வந்து கேட்டதும் கர்சீப் டீச்சர் அவரோடு தேடக் கிளம்பினார்.

கழிப்பறையின் குட்டிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள். சறுக்குமரத்தின் அடி, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், விளையாட்டுச் சாமான் அறை, வேனின் உள்ளே. ஹெச்.எம். தானே அறையை விட்டு வெளியே வந்து செடிகளை விலக்கிப் பார்த்தார். அழுகிற குழந்தை எங்கே போகும்? கேட்டுக்குத்தான் போகும். எல்லாருடைய பார்வையும் வாட்ச்மேன் மேல் விழுந்தது.

"சத்தியமா யாரும் வெளிய போகல மேடம்" என்றார் அவர். "பெஞ்சு வண்டி வந்தப்ப மட்டும் கேட்டைத் திறந்தேன். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம் இருக்கும்." சொல்லச் சொல்ல அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

"அம்மாவுக்குப் போன் போடுங்க" என்றார் ஹெச்.எம்.

கர்சீப் டீச்சரின் விரல் இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தியது. மூன்றாம் முறை மணி அடித்தது. "அம்மா, பதறாதீங்க, மிளகு வகுப்புல இல்ல. தேடிட்டிருக்கோம்." மறுமுனையில் ஏதோ விழுந்த சத்தம், பிறகு வண்டிகளின் ஹாரன்.

அதே ஹாரன் கேட்டுக்கு வெளியிலும் கேட்டது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தபோது மிளகின் அம்மா சாலையைக் குறுக்கே கடந்து ஓடிவந்துகொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் இடம் பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரம்.

"அவ வெளிய வரல" என்றாள், மூச்சு வாங்க. "எட்டரையில இருந்து நான் எதிர் ஜெராக்ஸ் கடையிலதான் நிக்கிறேன். கேட்டை விட்டு கண்ணை எடுக்கல. பெஞ்சு வண்டி வந்தப்பவும் பாத்தேன். அவ உள்ளதான் இருக்கா."

வாட்ச்மேன் நெஞ்சில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேதான் என்றால் எங்கே? தரைத்தளத்தில் பார்க்காத இடம் இல்லை. டீச்சர் தலையைத் தூக்கினார். மாடிப்படிக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. தான் காலையில் கட்டைவிரலை எந்தப் பக்கம் காட்டினோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். பின்னால் மிளகின் அம்மா.

ஆபீஸ் கதவு சாத்தியிருந்தது. ஆபீஸ் கிளார்க் காலையிலிருந்து கீழே ஹாலில் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கதவைத் தள்ளினார். உள்ளே நீல நாற்காலி. அதன்மேல் கிளார்க்கின் பழுப்புக் கைப்பை. நாற்காலியின் காலைப் பிடித்தபடி தரையில் சம்மணமிட்டு மிளகு.

"அம்மா பாத்ரூம் போயிருக்காங்க டீச்சர்" என்றாள். "பை இங்க இருக்குல்ல, யாரும் எடுத்துடக் கூடாதுன்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பிறகு டீச்சருக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை.

"ஏம்மா இவ்வளவு நேரம்?"

அவள் அம்மா அப்படியே தரையில் சரிந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

குழந்தையை வகுப்பில் விட்டுவிட்டு இருவரும் கீழே ஹெச்.எம். அறைக்குப் போனார்கள். கர்சீப் டீச்சர் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். "நான் சொன்னதை நம்பித்தான் போயிருக்கா. மேலே நீல நாற்காலியில அம்மா இருக்காங்கன்னு நான்தான் சொன்னேன்."

மிளகின் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் புரியாதது போல, பிறகு முகம் கடுத்தது. "ஒரு மணி நேரம் டீச்சர். அந்தப் படியில கால் தடுக்கியிருந்தா? மாடியில கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் சொல்லுங்க. உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போறோம்?"

"நீங்க விட்டுட்டுப் போகலியேம்மா" என்றார் ஹெச்.எம். மெதுவாக.

அந்த வார்த்தையில் அவள் குரல் இறங்கிவிட்டது. அஞ்சு நாளாக வேலைக்குப் போகவில்லை என்றாள். அங்கே காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்காரருக்கு அவள் வேலைக்குப் போவதாக நினைப்பு.

"முதல் நாள் அவ அழற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுது. அழுகை ஓஞ்சதும் கெளம்பலாம்னு நின்னேன். அப்புறம் நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு பயம் வந்துடுச்சு. தினமும் இதே கதை. ஜெராக்ஸ் கடைக்காரர் இன்னிக்கு ஸ்டூலே போட்டுக் கொடுத்துட்டார்."

ஹெச்.எம். சிரிப்பை அடக்கிக்கொண்டார். கர்சீப் டீச்சரிடம் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். மாடிக் கதவுக்கு இனி எந்நேரமும் பூட்டு என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. அம்மா மேலதான் இருக்காங்கன்னு குழந்தை கண்ணால பாத்துட்டா. அப்படியே நம்பிக்கிட்டு இருக்கட்டுமே. இனி அழமாட்டா" என்றார்.

அது உண்மைதான் என்று டீச்சருக்கும் தோன்றியது. திங்கட்கிழமை காலையை நினைத்துப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கினால் போதும், அமைதி. ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாங்க" என்றாள் மிளகின் அம்மா. "நான் ரத்தம் எடுக்கிறவ. புதுசா சேர்ந்தப்ப, வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லிட்டுக் குத்துவேன். வெடுக்குனு கையை இழுத்துப்பாங்க, ஊசி விலகிடும். அடுத்த தடவை வரவே மாட்டாங்க. இப்பல்லாம் சொல்லிடறது. வலிக்கும், மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்னு. சின்னப் பிள்ளைங்ககூட கண்ணை மூடிட்டுக் கையை நீட்டுது. அங்க எல்லாருக்கும் சொல்றேன். என் பிள்ளைக்கு மட்டும் சொல்லாம கடையில ஒளிஞ்சு நின்னேன்."

மதியம் சாப்பாட்டு பெல் அடித்ததும் டீச்சரும் அம்மாவும் மிளகின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

"அம்மா மேலே இருக்க மாட்டேன்டி. இன்னிக்கு மட்டும்தான் வந்தேன். திங்கட்கிழமையில இருந்து வேலைக்குப் போவேன். தூரம். நீ கத்தினா எனக்குக் கேக்காது. ஆனா சாப்பாடு முடிஞ்சு, கதை முடிஞ்சு, சாயங்காலம் பெல் அடிச்சதும் கேட்டுல நிப்பேன்."

"அப்ப அந்தப் பை?"

"அது ஆபீஸ் அக்காவோடது."

மிளகு டீச்சரைப் பார்த்தாள். "நீங்க சொன்னீங்களே?"

"தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு. இனிமே சொல்லமாட்டேன்."

மிளகு இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ குழந்தைகள் டீச்சரை அடித்திருக்கின்றன, உதைத்திருக்கின்றன. அந்தப் பார்வைக்கு அவை எதுவும் ஈடில்லை.

திங்கட்கிழமை அவள் அம்மா சொன்னபடியே சொல்லிவிட்டு, கை அசைத்து, பஸ் ஏறிப் போய்விட்டாள். மிளகு போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். டீச்சரின் மணிக்கட்டில் நன்றாகப் பதிந்த நாலு பல் தடம்.

"அம்மா எங்க?"

"வேலைக்குப் போயிட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

"கதை முடிஞ்சதும்."

"கதையை இப்பவே சொல்லுங்க!"

பழைய மருந்து நாக்கு நுனிவரை வந்து வந்து நின்றது. டீச்சர் அதை விழுங்கிக்கொண்டே நடந்தார். மிளகுக்கு மட்டுமில்லை, எந்தக் குழந்தைக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வராந்தா முழுக்க ஒரே ஓலம். "முன்னெல்லாம் பத்து நிமிஷத்துல அடக்கிடுவீங்க. இப்ப என்னாச்சு உங்களுக்கு?" என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் சலித்துக்கொண்டார். செய்தது சரியா, இல்லை குழந்தைகளைச் சும்மா வதைக்கிறோமா என்று கர்சீப் டீச்சருக்கே நிச்சயமில்லை.

சரியாகப் பத்து மணிக்கு மிளகின் அம்மா போன் செய்வாள்.

"அழறாளா?"

"அழறா."

"சாப்பிட்டாளா?"

"பிஸ்கட்டைத் தூக்கி எறிஞ்சா. அப்புறம் அவளே போய் எடுத்துத் தின்னா."

"சரி டீச்சர். இங்க ஒருத்தர் கையை நீட்டிட்டு உக்காந்திருக்கார். வைக்கிறேன்."

நான்காம் நாள் அழுகை அரைமணியாகக் குறைந்தது. ஐந்தாம் நாள் மறுபடி ஏறியது. சனி ஞாயிறு கழிந்து வந்தபோது முதலிலிருந்து ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை மிளகு வாயை இறுக்கிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், சண்டைக்குப் போகிறவள் போல உள்ளே நடந்தாள். வகுப்பு வாசலில் நின்று, "முதல்ல சாப்பாடு, அப்புறம் கதை, அப்புறம் பெல். சரிதானே?" என்று டீச்சரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். டீச்சர் தலையாட்டினார். மறுநாள் அதையும் கேட்காமல் போனாள்.

அந்தப் புதன்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. பத்தேகாலுக்கும் வரவில்லை. டீச்சர் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். பஸ்ஸில் ஏதாவது ஆகியிருக்குமோ? மறுபடி ஜெராக்ஸ் கடையோ? கேட்டுக்குப் போய் எதிரே பார்த்தார். ஸ்டூலில் கடைக்காரர்தான் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணி ஆகப் போகும்போது பொறுக்க முடியாமல் அவரே போன் செய்தார்.

"டீச்சர்! என்னாச்சு அவளுக்கு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நீங்க போன் பண்ணலியே, அதான்."

"மணி என்ன?"

"பதினொண்ணு ஆகப் போகுது."

"ஐயோ. மறந்துட்டேன் டீச்சர். காலையில இருந்து ஒரே கூட்டம். சுத்தமா மறந்துட்டேன். பெத்த பிள்ளையை எப்படி மறந்தேன் நான்?" அழ ஆரம்பித்தாள்.

அழாதீங்க என்று சொல்ல வாயெடுத்த டீச்சர், "அழுதுட்டே ஊசியை எடுத்துடாதீங்க. கையை நீட்டுற ஆள் பாவம். ரெண்டு நிமிஷம் அழுதுட்டுப் போங்க" என்றார்.

அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. "அவ என்ன பண்றா?"

டீச்சர் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "பக்கத்துப் பையன்கூட சண்டை. ஒரு ரப்பரை ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் பிடிச்சு இழுக்கறாங்க."

"யார் ஜெயிக்கிறா?"

"உங்க பொண்ணுதான். இருங்க, வைக்கிறேன், கடிக்கப் போறா" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே ஓடினார்.