எஸ்பியர்க் ஓட்டம்

...பிராண்டேத் தொழிற்சாலையைக் கூட்டித் துடைத்துவிட்டு சில்க்போர்க் தொழிற்சாலைக்குப் போவது வேலை ஓட்டம்தானே, சொந்தக் கார், சொந்தப் பெற்றோல், கம்பனி ஒன்றும் தருவதில்லை, வரியிலாவது கழிப்பார்கள் என்று சொன்னதால்தானே இங்கே வந்தது, பிறகு ஏன் இந்தப் பெண் ஓட்டக் கணக்குக் கொப்பியில் அந்த ஒரு நாளிலேயே பேனையை வைத்துக்கொண்டிருக்கிறாள்? வரிக் கந்தோரில் வெக்கை. இரத்தினசிங்கத்துக்குக் கழுத்து வியர்த்தது. "இந்த நாள் மட்டும் எஸ்பியர்க் வரை போயிருக்கிறீர்களே, அங்கேயும் வேலையா?" அவள் டெனிஷ் மொழியை மெதுவாக, அவருக்கு விளங்கவேண்டும் என்று, உடைத்து உடைத்துக் கேட்டாள். வேலையா... பிராண்டேயில் வாளியும் கையுமாக நின்றபோது போர்மன் கூப்பிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தான், மறுமுனையில் எஸ்பியர்க்கில் இருக்கும் செல்வரட்ணம், மனைவி யோகம்மாவின் தம்பி. "அத்தான், அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. ஊரிலை பாண் வாங்கப் போன இடத்திலை, சந்தியிலை துவக்குச் சூடு பட்டிட்டுது. நீங்கள் கார் ஓடாதேங்கோ, நான் வாறன்." ஓடினார், எஸ்பியர்க் வரைக்கும். எந்த வழியால் போனார், மழை பெய்ததா, ஒன்றும் நினைவில்லை. செல்வரட்ணம் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னதுதான் நினைவிருக்கிறது. "விசா குடுக்கிற பொலிசுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அத்தான். விண்ணப்பத்திலை அக்காவின்ரை பேருக்குக் கீழைதான் பிள்ளையின்ரை பேர். அக்காவை வெட்டினால் கிருசாந்தியையும் வெட்டிப்போடுவாங்கள்." ஓம் என்றார். பின்னேரம் சில்க்போர்க்குக்குப் போய், விட்ட வேலையைச் செய்தும் முடித்தார்.

"தனிப்பட்ட பயணம்," என்றார் இப்போது. அவள் தலையாட்டி அந்த நாளை வெட்டினாள். மற்றதெல்லாம் சரியாம், கழித்துவிடலாமாம், இவ்வளவு சுருக்காகவா? குடும்பத்தைக் கூப்பிட எழுதிக் கொடுத்து ஒன்றரை வருடம், அதற்கு ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, ஏனென்று கேட்டால் பொலிசும் தோளைக் குலுக்குகிறது. "மனைவி இன்னும் வரவில்லையா?" தாளில் மனைவியின் பெயரைக் கண்டு, சும்மா, அன்பாகத்தான் கேட்டாள், அந்த நீலக் கண்களைப் பார்த்து உண்மையைச் சொன்னால் என்ன, இவள் பொலிசா, ஆனால் கந்தோருக்குக் கந்தோர் கதைக்கமாட்டார்களா? "வருவா. மகளும் வருவா," என்றார். "நல்லது," என்று அவள் சிரித்தாள்.

வெளியே வந்து காருக்குள் ஏறியும் திறப்பைப் போட்டு முடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவில்லை, ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை, சத்தம் போட்டு ஒருநாள் அழவும் இல்லை, எல்லாம் பிள்ளைக்காக, பிள்ளையின் வழி அடைபடக்கூடாது என்பதற்காக... ஆனால் சற்றுமுன் வருவா என்று சொன்னபோது பொய் சொல்கிற கூச்சம் கொஞ்சமும் வரவில்லையே, நெஞ்சு இளகி ஆறுதலாக அல்லவா இருந்தது. நாளைக்கே கிருசாந்தி விமானத்தால் இறங்கி வந்து நின்றால், அவளுக்குப் பின்னால் யாரைத் தேடும் இந்தக் கண்?