நைனா வெளியே படுத்த மாதங்கள்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அது ஊர் வழக்கம் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா வெளியூர்க் கடலுக்குப் போய்த் திரும்பினால் வீட்டுக்குள் படுக்க மாட்டார். வாசலுக்கு எதிரே இருந்த வலைக் கொட்டகையில்தான் அவருக்குப் பாய். வந்த மறுநாளே பொன்னேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுப்பார். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை கொடுப்பார். அப்போதும் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

பழவேற்காட்டு முகத்துவாரம் மண் மூடிப்போகிற வருஷங்களில் ஏரிக்குள் இறால் ஏறாது. அந்த வருஷங்களில் எங்கள் குப்பத்து ஆம்பளைகள் மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் வேலைக்குப் போய்விடுவார்கள். பல மாதம் கழித்துக் கறுத்து, இளைத்து, கையில் ஆளுக்கொரு அல்வா பாக்கெட்டோடு திரும்புவார்கள். கடலிலிருந்து வந்த வலையை அலசிக் காயவைத்துத்தானே உள்ளே எடுத்து வைக்கிறோம், ஆளுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்பது என் சின்ன வயதுக் கணக்கு.

அந்தக் கணக்கை நான் மனசுக்குள் வைத்திருந்தால் பரவாயில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்து வீட்டு வேலம்மாவின் புருஷன் பால்ராஜ் மங்களூரிலிருந்து வந்தார். வந்தவர் நேராக வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. குழாயடியில் அத்தனை பேர் நடுவில் வேலம்மாவிடம் போய், "இன்னா அத்த, மாமாவுக்கு ரத்தம் பாக்காமயே உள்ள வுட்டுட்டே?" என்று கேட்டுவிட்டேன்.

குடம் தரையில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று சாயங்காலம் வரை எங்கள் வாசலில் சண்டை. என் அம்மா பெயர் சாமுண்டீஸ்வரி. பேருக்கு ஏற்ற பொம்பளை, தாலி கட்டினவனை நாய்க்குப் பக்கத்தில் படுக்க வைக்கிறாள் என்று வேலம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அம்மா மறுக்கவில்லை. என் வீட்டில் என் சட்டம், உனக்கு வேண்டுமென்றால் நீயும் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு மீன் ஆயப் போய்விட்டாள். நைனா கொட்டகைக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் தம்பி அஜித்குமாருக்கும் அந்த மாதங்கள்தான் திருவிழா. வலைக் குவியல் மேல் நைனாவின் வலப்பக்கம் யார் என்று தினமும் அடிதடி நடக்கும். வலையில் கவிச்சி அடிக்கும், நைனாவின் மேல் பீடி நாற்றம் அடிக்கும், இரண்டும் கலந்தால்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். விளக்கு வைத்த பிறகு அம்மா சோற்றுத் தட்டோடு வருவாள். தட்டை வைத்துவிட்டுப் போகிறவள்தான், போக மாட்டாள். கொட்டகைக் கால் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். மங்களூரில் குழம்பில் தேங்காயை எப்படி அரைக்கிறார்கள், அங்கே மழை எப்படிக் கொட்டும், எவனுக்கு எந்தப் படகில் யாரோடு சண்டை, எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கொசு கடிக்கிறது, வந்து விசிறு என்பார் நைனா. அதற்குத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேனா என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே விசிறுவாள். ஒரே கூரைக்குக் கீழே படுத்த எந்தப் புருஷன் பெண்டாட்டியும் எங்கள் தெருவில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நைனா உள்ளே வந்துவிட்ட பிறகு அவர்களும் மற்றவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். அது எனக்கு ஒரு வருத்தம்.

எதற்காக அந்த ரத்தம் என்பது பெரிய வகுப்புக்கு வந்த பிறகுதான் புரிந்தது. எய்ட்ஸ் பற்றிய பாடம் வந்தபோது டீச்சர், இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் தள்ளிவிட்டார். நான் ஏற்கெனவே வீட்டில்தான் படித்திருந்தேன்.

நைனா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. கொட்டகையில் இப்போது தம்பியின் பைக் நிற்கிறது.

நான் பொன்னேரியில் எம்.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். என் வகுப்பில் எளாவூர்ப் பையன் பூவரசன். நன்றாகச் சிரிப்பான், பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பான், பரீட்சைக்கு முன்னால் என்னைவிட அவனுக்குத்தான் கை நடுங்கும். இரண்டு வருஷப் பழக்கம். படிப்பு முடிந்ததும் வீட்டில் சொல்லிக் கல்யாணம் செய்துகொள்வது என்று பேசி வைத்திருந்தோம். போன மாதம் அவன் மீஞ்சூரில் நண்பனுடைய அறை ஒன்று காலியாக இருக்கிறது என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் சோறு தின்கிற மாதிரி சாதாரணமான விஷயம் அது. அவனுக்கு முகம் செத்துவிட்டது. என்னை எந்த மாதிரி ஆள் என்று நினைத்தாய் என்றான். உன் அம்மா உன் அப்பாவை ஆட்டி வைத்த மாதிரி நீ என்னை ஆட்டி வைக்கப் பார்க்கிறாய் என்றான். கொட்டகைக் கதையை அவனுக்குச் சொன்னதே நான்தான். ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. நல்லவனை அசிங்கப்படுத்திவிட்டோமோ, ஒரு சோதனைக்காக அவனை இழந்துவிடுவோமோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் மத்தியானம் அம்மா வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏன் திரிகிறாய் என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கட்டிக்கொள்ள நினைத்தவனிடம் ரத்தம் பார்க்கச் சொன்னேன், ஓடிவிட்டான், நீ நைனாவைத் தெருவில் படுக்க வைத்ததைப் பார்த்து வளர்ந்த பெண்ணோடு வேறு யார் இருப்பான் என்று கத்திவிட்டேன். அறையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பையன் யார் என்று கேட்டு அடிப்பாள் என்று பார்த்தேன். அவள் கருவாட்டைக் கீழே வைத்தாள்.

"நானாடி படுக்க வச்சேன்? உள்ள வாய்யா உள்ள வாய்யானு நான் எத்தினி நாளு கூப்ட்டிருப்பேன். அந்த ஆளுதான் வரல."

நைனாவோடு முதல் தடவை மங்களூர் போன கோபால் நோயோடு திரும்பியதையும், அவர் செத்து, ஒரு பாவமும் அறியாத அவர் பெண்டாட்டியும் பின்னாலேயே போனதையும் அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் நைனா வாசலிலேயே நின்றுவிடுவாராம். அங்கே அவர் என்ன செய்தார், செய்யவில்லை என்று இவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அங்கே காய்ச்சலுக்கு ஊசி போட்டால்கூட அடுத்தவனுக்குப் போட்ட ஊசியாக இருக்கும், நமக்கென்ன தெரியும், உனக்கு ஒன்று வரக் கூடாது என்று மட்டும் சொல்வாராம்.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் உன்னைத் திட்டும்போது வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"அந்த ஆளே போய்ப் பாத்துக்கிச்சுனு சொன்னா, எதுக்கு பாத்தே, இன்னா பண்ணிட்டு வந்தேனு கேப்பானுங்க. பொண்டாட்டி ராட்சசினா அத்தோட போச்சு."

சொல்லிவிட்டு மறுபடியும் கருவாட்டைத் திருப்ப ஆரம்பித்தாள். இத்தனை வருஷமாக எனக்குக்கூடச் சொல்லாமல் இருந்தாளே என்று அவள் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நைனா சோதனைக்கு ரத்தம் கொடுத்த அதே நம்பிக்கை மையம். உள்ளே இருந்த அக்கா ஏதாவது பயமா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, எங்கள் வீட்டு வழக்கம் என்றேன். அவர் சிரித்தார், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுமில்லை என்று எனக்கு முன்னாலேயே தெரியும். ஆனாலும் அந்த அக்கா அதைச் சொன்னபோது மனசு லேசாக இருந்தது. நைனாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பூவரசன் தானாகவே வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. இனி அவனிடம் எதையும் கேட்கப் போவதில்லை, என் பக்கத்தை நான் கொடுத்துவிடுகிறேன், அவனுக்கே தோன்றும் என்று நம்பினேன்.

"நான் போய்ப் பாத்துட்டேன் பூவரசா. எனுக்கு ஒண்ணுமில்ல. நீ பாக்குறதும் பாக்காததும் உன் இஷ்டம்."

அவன் சந்தோஷப்படுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீ எதுக்கு போய்ப் பாத்தே? யார் கூட இருந்தே?"

அதட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நைனாவை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று அம்மா ராட்சசிப் பெயர் வாங்கிக் காத்தாளே, அதே கேள்வி. என்னைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவன் வாயிலிருந்து வந்தது.

பழவேற்காடு பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். அவன் ஜன்னல் பக்கம் வந்து, சும்மா கேட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்றான். சனிக்கிழமை அறை காலியாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னான். நான் வரவில்லை, சனிக்கிழமையும் வரவில்லை, இனிமேலும் வரவில்லை என்று சொல்லி ஜன்னலை மூடினேன்.

பஸ் கிளம்பியதும் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, யாராவது போய்விட்டார்களா என்று கேட்டார். எங்கள் நைனா என்றேன்.